மழைக்கு ஒதுங்கினால் மட்டும் போதாது... மின்னலுக்கும் ஒதுங்கணும்! ஓசூருக்கு புதுசா வந்தவர்கள் உஷார்

ஓசூர்:

ஓசூரில் கோடை மழை சீசன் எப்படி இருக்கும் என்பது உள்ளூர்க்காரர்களுக்கு அத்துப்படி. மதியம் 2 மணி வரை வெயில் மண்டையைப் பிளக்கும். 3 மணிக்கு மேகம் திரளும். 4 மணிக்கு பட்டப்பகலில் லாரிகள் எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடும். திடீரென்று ஜில்லென ஒரு காற்று வீசும். அடுத்த 5 நிமிடத்தில் காது கிழிய ஒரு இடி. சூறைக்காற்று, ஆலங்கட்டி, கரண்ட் கட் எல்லாம் வரிசையாக வரும். மாலை 5.30 மணிக்கு எட்டிப் பார்த்தால் மேற்கே வெயில் அடிக்கும். ரோட்டில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும்.

உள்ளூர்க்காரர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். ஆனால் சிப்காட் வேலைக்காக தூத்துக்குடி, ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் இருந்தும், ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாமில் இருந்தும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்களுக்கு முதல் சித்திரை மாதம் வந்தால்தான் விஷயமே தெரிகிறது. ஓசூர் என்றால் குளுகுளு ஊர் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், முதல் இடியில் ஆடிப்போய்விடுகிறார்கள்.

இடியைப் பார்த்து பயப்படுவதில் தப்பில்லை. பயந்து போய் எங்கே ஓடி நிற்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. மழையில் நனையாமல் இருக்க ஒதுங்கும் இடம் வேறு. மின்னலில் இருந்து தப்பிக்க ஒதுங்கும் இடம் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் புளியமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு நிற்பவர்களை ஒவ்வொரு கோடை மழையிலும் பார்க்க முடிகிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

புயல் வேறு, இது வேறு

கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். புயல் வருவது 4 நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அதற்கு ஒரு பெயர் வைத்து, எங்கே கரையைக் கடக்கும் என்று டி.வி.யில் ஓயாமல் சொல்வார்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். பால், மெழுகுவர்த்தி வாங்கி வைக்க நேரம் இருக்கும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு புயல் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2024-ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் பெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதையும், வண்டிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதையும் யாரும் மறக்கவில்லை. ஆனால் அது எப்போதோ ஒரு தடவை நடப்பது. இடி மழை அப்படி இல்லை. சீசன் வந்துவிட்டால் ஒரே வாரத்தில் 3 நாள் கூட வரும். பெயரும் கிடையாது, கூண்டும் கிடையாது. மேகம் திரண்டு, கொட்டித் தீர்த்து, கலைந்துபோக ஒன்றிரண்டு மணி நேரம்தான். சிப்காட்டில் அடித்து நொறுக்கும்போது பாகலூரில் ஒரு சொட்டு கூட விழாது.

இதற்குக் காரணம் வெப்பச்சலனம். கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். ஏப்ரல், மே மாதங்களில் பகலில் தரை நன்றாக சூடாகிறது. அந்த சூட்டில் காற்று லேசாகி மேலே ஏறும். வங்கக்கடல் பக்கம் இருந்தும் அரபிக்கடல் பக்கம் இருந்தும் ஈரக்காற்று வந்து இந்த உள்மாவட்டங்களில் சந்திக்கும்போது, அது இன்னும் வேகமாக மேலே போகிறது. அப்படி எழும்பும் மேகம் 12 கி.மீ., 15 கி.மீ. உயரம் வரை கூட போகும். இமயமலையை விட உசரம்! அந்த உயரத்தில் கடுங்குளிர். அங்கே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் ஒன்றோடு ஒன்று மோதி உரசும்போது மேகத்துக்குள் மின்சாரம் சேருகிறது. அது தாங்க முடியாத அளவுக்குப் போனதும் தரையை நோக்கிப் பாய்வதுதான் மின்னல்.

இன்னொன்று. பேச்சு வழக்கில் 'இடி விழுந்தது' என்கிறோம். உண்மையில் விழுவது மின்னல்தான். மின்னல் போகும் பாதையில் காற்று சுமார் 30 ஆயிரம் டிகிரி வரை சூடாகி வெடிக்கும் சத்தம்தான் இடி. இடிச்சத்தம் யாரையும் கொல்லாது. ஆனால் சத்தம் காதில் விழுந்துவிட்டது என்றால், மின்னல் எட்டும் தூரத்தில் நாம் நிற்கிறோம் என்று அர்த்தம்.

மழைக்கு முன்னும், நின்ற பிறகும் ஆபத்து

புதுசா வந்தவர்கள் பலர் செய்யும் தப்பு, மழை விழுந்தால்தான் ஒதுங்குவது. மின்னலுக்கு மழை தேவையே இல்லை. மேகத்தில் இருந்து பக்கவாட்டில் பாய்ந்து, 10 கி.மீ.க்கு அப்பால் சொட்டு மழை இல்லாத இடத்தில் கூட விழும். தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மின்னல் தாக்கியது என்று செய்தி வருவது இப்படித்தான்.

அதேபோல மழை நின்றதும் 'அட, விட்டுடுச்சு, கிளம்பு' என்று பைக்கை எடுக்கும் கூட்டம் இருக்கிறது. மேகம் போய்விட்டதா என்று பார்ப்பதில்லை. மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் பசங்களும் இப்படித்தான். தூறல் விட்டதும் ஸ்டம்பை நட்டுவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மின்னல் பளிச்சிட்டதும் 1, 2, 3 என்று நொடிகளை எண்ண வேண்டும். 3 நொடிக்கு ஒரு கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 9 எண்ணும்போது இடிச்சத்தம் கேட்டால் மின்னல் விழுந்தது 3 கி.மீ. தூரத்தில். 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் வெளியே வர வேண்டும். நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடி முதலில் இருந்து 30 நிமிடம். எண்ணிப் பார்க்க பொறுமை இல்லாதவர்கள், இடி கேட்டாலே உள்ளே போய்விடுவது நல்லது.

கணக்கு சுலபம். கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். காரணம், ஓசூரில் இடி மழை பெரும்பாலும் வருவது மதியம் 3 மணியில் இருந்து இரவு 8 மணிக்குள். தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறுவதும், ஜெனரல் ஷிப்ட் விடுவதும், பள்ளிக்கூடம் விடுவதும் அதே நேரம்தான். ஆயிரக்கணக்கானவர்கள் பைக்கிலும் நடந்தும் ரோட்டில் இருக்கும் நேரத்தில்தான் வானம் கருக்கிறது. 8 மணி நேரம் நின்று வேலை பார்த்தவரிடம் அரை மணி நேரம் கேண்டீனில் காத்திரு என்றால் எரிச்சல்தான் வரும். ஆனாலும் கேட்டுக்கு வெளியே வந்து நடுரோட்டில் மாட்டிக்கொள்வதை விட, ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

எங்கே நிற்கலாம்? எங்கே கூடாது?

மரத்தடி கூடவே கூடாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை ரோடுகளில் புளியமரமும் தைலமரமும் அதிகம். மின்னல் மரத்தில் விழுந்தால் அதோடு நிற்காது. பக்கத்தில் நிற்கும் ஆள் மீதும் தாவும். வேர் வழியாக தரையிலும் பாயும். மின்னல் நேராக தலையில் விழுந்து செத்தவர்கள் குறைவு. இப்படி பக்கத்தில் இருந்து தாவியும், தரை வழியாக கால் ஏறியும் செத்தவர்கள்தான் அதிகம். மாடுகள் கும்பலாக செத்துக்கிடப்பதும் இதனால்தான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் தரையில் ஓடும் மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி உடம்புக்குள் புகுந்து இன்னொரு கால் வழியாக இறங்குகிறது. அது போதாதென்று சூறைக்காற்றில் தைலமரக் கிளை முறிந்து தலையில் விழும் ஆபத்து வேறு.

டீக்கடை வாசலில் போட்டிருக்கும் தகர ஷீட்டுக்கு அடியில் நிற்பதும், மூன்று பக்கமும் திறந்து கிடக்கும் பஸ் நிழற்குடையில் நிற்பதும் மழைக்கு ஓ.கே. மின்னலுக்கு உதவாது. அதே டீக்கடை கான்கிரீட் கட்டிடமாக இருந்தால் நாலு எட்டு வைத்து உள்ளே போய்விட வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பாரோ என்று தயங்க வேண்டாம். ஒரு டீ சொன்னால் போச்சு.

தேசிய நெடுஞ்சாலையில் வருபவர்கள் பாலத்துக்கு அடியில் பைக்கை நிறுத்துவதையும் தினம் பார்க்கலாம். மின்னலைப் பொறுத்தவரை மரத்தடிக்கு அது பரவாயில்லை. ஆனால் நூறு பைக் நின்று பாதி ரோட்டை அடைத்துவிடுகிறது. பின்னால் வரும் லாரிக்கு அந்த மழையில் எதிரே நிற்பது தெரிவதில்லை. மின்னலில் தப்பித்து லாரியில் மாட்டுவதா? நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி, விளக்கை எரியவிட்டு நிறுத்த வேண்டும். சூளகிரி, மேலுமலை பக்கம் இறக்கத்தில் வரும்போது இன்னும் கவனம் தேவை.

கார், பஸ், கம்பெனி வேன் இவை பாதுகாப்பானவை. டயர் ரப்பர் என்பதால் அல்ல. மேலே மூடிய இரும்புக் கூடு மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே தரைக்கு இறக்கிவிடுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவு, கம்பி எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பைக், ஆட்டோவுக்கு இது பொருந்தாது. ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்பதும் கதைதான். மேகத்தில் இருந்து பல கி.மீ. காற்றையே கிழித்து வரும் மின்னலுக்கு அரை இஞ்ச் செருப்பு எந்த மூலைக்கு?

சுற்றுவட்டாரத்தில் ரோஜா தோட்டம், காய்கறி தோட்ட வேலைக்கு வந்திருக்கும் வெளியூர் ஆட்கள் நிலைமை இன்னும் மோசம். ஒதுங்க கட்டிடமே இருக்காது. பசுமைக்குடில் என்பது இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் ஷீட்டும்தான். அதில் போய் நிற்கக்கூடாது. 2025-ம் ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் வேப்பூர் அருகே வயலில் வேலை செய்துகொண்டிருந்த 4 பெண்கள் மின்னல் தாக்கி இறந்ததை மறந்திருக்க முடியாது. வானம் கருத்தால் பாதி வேலையில் எழுந்து போக கூலி ஆளுக்கு வாய் வராது. தோட்டக்காரர்தான் முதலில் சொல்லி அனுப்ப வேண்டும்.

திறந்தவெளியில் மாட்டிக்கொண்டு வேறு வழியே இல்லை என்றால், கும்பலாக நிற்காமல் ஆளுக்கு ஆள் தள்ளிப்போக வேண்டும். மண்வெட்டி, கடப்பாரையை கீழே போட்டுவிட்டு, இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்து, காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். தரையில் படுக்கக்கூடாது. படுத்தால் மாட்டின் கதைதான். ஆனால் இது கடைசிபட்சம். இதனால் ஆபத்து குறையுமே தவிர போய்விடாது.

மொட்டை மாடி ரூம்வாசிகள் கவனத்துக்கு...

ஓசூரில் புதுசா வரும் பேச்சிலர்களுக்கு முதலில் கிடைப்பது எந்த ரூம்? மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ரூம்தான். வாடகை கம்மி. நாலு பேர் சேர்ந்து தங்கலாம். ஆனால் இடி மழை நேரத்தில் அந்தத் தெருவிலேயே மோசமான இடமும் அதுதான்.

கட்டிடத்திலேயே உயரமான இடம். பக்கத்தில் தண்ணீர் டேங்க், இரும்புக் கைப்பிடி, டிஷ் ஆன்டெனா, மாடி விட்டு மாடி தாண்டும் கேபிள் ஒயர். இது மின்னல். காற்று இன்னொரு பக்கம். ஷீட் பறக்காமல் இருக்க மேலே கல்லையும் சிமெண்ட் பிளாக்கையும் தூக்கி வைத்திருப்பார்கள். சூறைக்காற்று ஷீட்டைத் தூக்கினால் அந்தக் கல் நேராக ரூமுக்குள்தான் விழும். ஆலங்கட்டி விழுந்து பழைய ஷீட் உடைவதும் சகஜம்.

எனவே ரூம் பார்க்கும்போதே ஷீட்டை போல்ட் போட்டு இறுக்கி இருக்கிறார்களா, கல்லை வைத்து சமாளித்திருக்கிறார்களா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் எந்த ஓனரும் காது கொடுக்க மாட்டார். வானம் கருத்ததும் ரூமைப் பூட்டிவிட்டு கீழே இறங்கிவிட வேண்டும். ஓனர் வீட்டுக்குள் போக சங்கடமாக இருந்தால், கான்கிரீட் மாடிப்படிக்குக் கீழே, சுவர் மூடிய பக்கம், இரும்புக் கைப்பிடியைத் தொடாமல் நின்றாலும் போதும். வீட்டு ஓனர்களும் மழை நேரத்தில் கீழ் கேட்டைப் பூட்டி வைக்காமல் இருந்தால் புண்ணியமாகப் போகும். காயப்போட்ட துணியை எடுக்க இடி நேரத்தில் மாடிக்கு ஓடுவது ஆண், பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் செய்யும் தப்பு. துணி நனைந்தால் நாளைக்குக் காயும்.

கீழ் வீட்டில் இருப்பவர்களும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக்கூடாது. இரும்புக் குழாய் வழியாக மின்சாரம் வர வாய்ப்பு இருப்பதால் அந்த நேரத்தில் குளிப்பது, பாத்திரம் கழுவுவது வேண்டாம். டி.வி., பிரிட்ஜ், வைபை பெட்டி பிளக்கை மழைக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை ஆப் செய்தால் மட்டும் போதாது. இடி இடிக்க ஆரம்பித்த பிறகு பிளக்கில் கை வைக்கவும் கூடாது. செல்போன் மின்னலை இழுக்கும் என்பது வதந்தி. ஆனால் சார்ஜரில் போட்டபடி பேசுவது ஆபத்துதான்.

ஊர்ப்பக்கம் இடி இடித்தால் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லச் சொல்லி பாட்டிமார் பழக்கியிருப்பார்கள். தாராளமாகச் சொல்லலாம், வீட்டுக்குள் இருந்து! அரிவாள்மனை, உலக்கை பூண் என்று இரும்புச் சாமானை வாசலில் தூக்கிப்போடும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. அதை எறிய வாசலுக்குப் போகும் அந்த ஒரு நிமிடம்தான் வம்பு.

'மிதமான மழை' என்றால் சாதாரணமா?

சென்னை வானிலை ஆய்வு மையம், அடுத்த 3 மணி நேரத்தில் எந்தெந்த மாவட்டங்களில் இடி மழை வரும் என்று மாவட்டவாரியாக அறிவிக்கிறது. அதில் பல நாள் 'இடி, மின்னலுடன் கூடிய மிதமான மழை' என்றுதான் இருக்கும். புதுசா வந்தவர்கள் 'மிதமான' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு குடை கூட எடுக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். வானிலை கணக்கில் ஒரு நாளில் 6.4 செ.மீ. வரை பெய்தாலும் மிதமான மழைதான். அதே 6 செ.மீ. ஒரு மணி நேரத்தில் கொட்டினால் தாழ்வான தெரு குளமாகிவிடும். சாக்கடை மூடி எங்கே திறந்து கிடக்கிறது என்று தெரியாது. இந்த அறிவிப்பில் பார்க்க வேண்டிய வார்த்தை 'மிதமான' அல்ல, 'இடி, மின்னல்' என்பதுதான். மஞ்சள் நிறம் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனடியாக பாதுகாப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும்.

புனேயில் உள்ள மத்திய அரசின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்ற செல்போன் செயலியை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. நாம் இருக்கும் இடத்தில் இருந்து 20 கி.மீ., 40 கி.மீ. சுற்றளவில் மின்னல் விழுகிறதா என்று காட்டும். லொகேஷனை ஆன் செய்து வைத்திருக்க வேண்டும். சிக்னல் போய்விட்டால் அதுவும் வேலை செய்யாது என்பதால் கண்ணும் காதும்தான் முக்கியம்.

இதில் வடமாநிலத் தொழிலாளர்கள் விஷயம் தனி. அவர்களுக்கு இடி, மின்னல் புதிது அல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பக கணக்குப்படி 2022-ம் ஆண்டில் இயற்கைச் சீற்றங்களில் நாடு முழுவதும் 8 ஆயிரத்து 60 பேர் இறந்தார்கள். அதில் 2 ஆயிரத்து 887 பேர் மின்னலுக்கு மட்டும் பலி. மத்தியப்பிரதேசம், பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம், ஜார்கண்ட் மாநிலங்களில்தான் சாவு அதிகம். கோடையில் அங்கே அடிக்கும் இடிப்புயலுக்கு வங்காளத்தில் 'கால்பைசாகி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் புதுசு, செல்போனில் தமிழில் வரும் எச்சரிக்கை எஸ்.எம்.எஸ்.தான். படிக்கத் தெரியாமல் அழித்துவிடுகிறார்கள். சூப்பர்வைசரோ, ஹாஸ்டல் வார்டனோ அதை இந்தியில் ஒரு வரி சொன்னால் போதும். இதற்கு செலவு ஒன்றும் ஆகாது.

தாக்கியவரைத் தொடலாமா?

தொடலாம். தொட்டே ஆக வேண்டும். இந்த இடத்தில்தான் பல உயிர் அநியாயமாகப் போகிறது. மின்னல் தாக்கியவர் உடம்பில் கரண்ட் இருக்கும், தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று நினைத்து சுற்றி நின்று பார்க்கிறார்கள். அவர் உடம்பில் கரண்ட் எதுவும் தங்காது. மின்கம்பி அறுந்து மேலே கிடந்தால் மட்டும்தான் தொடக்கூடாது. அப்போது மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும்.

மின்னல் தாக்கியதும் இதயமும் மூச்சும் நின்றுபோகலாம். பார்ப்பதற்கு செத்துவிட்டது போலவே இருக்கும். பல பேர் விழுந்து கிடந்தால், முனகுபவரை விட அசையாமல் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி வேகமாக அழுத்த வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக்கூடாது. கை வலித்தால் ஆளை மாற்றிக்கொள்ளலாம். இடி தொடர்ந்தால் ஆளை கட்டிடத்துக்குள் தூக்கிப்போய் செய்யலாம்.

சத்தீஷ்கர், ஜார்கண்ட் கிராமங்களில், மின்னல் தாக்கியவரை கழுத்து வரை மாட்டுச்சாணத்தில் புதைத்து வைத்தால் பிழைப்பார் என்ற நம்பிக்கை இருக்கிறது. அப்படிப் புதைத்த செய்திகள் பல தடவை வந்துள்ளன. நெஞ்சை அழுத்த வேண்டிய அந்த முதல் சில நிமிடத்தை சாணம் தின்றுவிடுகிறது. நம்ம ஊரிலும் தண்ணீர் தெளிப்பது, சோடா கொடுப்பது, கையில் சாவியைத் திணிப்பது என்று நேரத்தைப் போக்குகிறார்கள். தாக்கியவர் எழுந்து நடந்து 'எனக்கு ஒண்ணும் இல்லை' என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். காது ஜவ்வு கிழிவதும், ஞாபக மறதியும், கை கால் மரத்துப்போவதும் பிறகு தெரியவரும்.

மழை விட்ட பிறகு ரோட்டில் மின்கம்பி கிடந்தால் தாண்டிப் போகக்கூடாது. தண்ணீர் தேங்கிய இடமாக இருந்தால் கிட்டேயே போகக்கூடாது. பக்கத்தில் மாட்டிக்கொண்டால் காலைத் தூக்கி வைக்காமல், பாதத்தைத் தேய்த்தபடியே சின்னச் சின்ன அடியாக நகர்ந்து வர வேண்டும். மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-க்கு சொன்னால் 24 மணி நேரமும் புகார் எடுத்துக்கொள்வார்கள். மரம் சாய்ந்தது, வீடு இடிந்தது போன்றவற்றுக்கு மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. ஓசூரில் அட்ரஸ் சரியாகத் தெரியாத புது ஆட்கள், தங்கியிருக்கும் தெரு பெயரையும் பக்கத்தில் உள்ள மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் இப்போதே செல்போனில் குறித்து வைத்துக்கொண்டால், இருட்டில் போன் செய்யும்போது திணற வேண்டியதில்லை.

கத்திரி முடிந்து ஜூன் பிறந்ததும் இடி குறையும். மேற்கில் இருந்து காற்றும் சாரலுமாக ஊர் குளிர்ந்துவிடும். அதை நம்பி பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் இதே மாலை இடி மழை இரண்டாவது ரவுண்டு வரும்.